கொண்டைக்கடலைக்குள் ஒரு சுவடிக்கட்டு

தை மாசக் கடைசி. கோவில்பட்டிக்குக் கிழக்கே எங்கள் சித்தப்பாவின் கரிசல் காட்டில் நின்றுகொண்டிருந்தோம். நிலம் பாளம்பாளமாக வெடிக்க ஆரம்பித்திருந்தது. உளுந்தும் பாசிப்பயறும் போட்டது போக, ஓரமாக ஒரு கால் குறுக்கத்தில் கொண்டைக்கடலை விதைத்திருந்தார். பாதிச் செடிகள் காய் முற்றாமலே பழுத்துச் சருகாகிவிட்டன. பக்கத்திலேயே சில செடிகள் மட்டும் பச்சை மாறாமல், காயும் கனத்து நின்றன.

சித்தப்பா கடப்பாரையை எடுத்து இரண்டு செடிகளைச் சுற்றி மண்ணை நெம்பினார். ஒன்று சட்டென்று வந்துவிட்டது. இன்னொன்றுக்கு வேர்வை சிந்த வேண்டியிருந்தது. இரண்டையும் உதறித் தரையில் கிடத்திவிட்டு, “ஏலே, மேல பாத்தா ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. இது ஒரு சாண்கூட இறங்கல. இதைப் பாரு, முழங்கை நீளம் போயி இன்னும் அறுந்து உள்ள கெடக்கு” என்றார்.

“இப்பல்லாம் முளைச்சு ரெண்டு வாரத்துச் செடியோட இலையைக் கிள்ளியே, எது ஆழமா வேர்விடும்னு சொல்லிருதாங்க சித்தப்பா.”

“இலையைப் பாத்து வேரைச் சொல்லுதாங்களா? அதெப்படி?”

அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் பக்கம் கடலை என்றால் பலருக்கு நிலக்கடலைதான் ஞாபகம் வரும். இங்கே பேசுவது சுண்டலுக்குப் போடுகிற கொண்டைக்கடலையை. கடலைப்பருப்பு, பொரிகடலை, பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலைமாவு எல்லாம் இந்த ஒரே செடியின் பிள்ளைகள். இதில் இரண்டு சாதி. பழுப்பு நிறத்தில் சின்னதாக, மூக்கு வைத்தாற்போல் இருப்பது நாட்டுக்கடலை. அதன் பூ இளஞ்சிவப்பு. பெரிதாக வெளுத்து இருப்பது காபூலி. அதன் பூ வெள்ளை. உலகத்தில் விளையும் கொண்டைக்கடலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இந்தியாவில்தான் விளைகிறது. அதில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் பக்கம்.

இந்தச் செடி தண்ணீர் கேட்டு அழுகிற சாதி இல்லை. மழை நின்ற பிறகு விதைத்து, மண்ணுக்குள் தங்கிய ஈரத்தையும் பனியையும் வைத்தே பெரும்பாலும் விளையும். நம் கரிசலுக்கு இந்தக் குணம் பொருத்தம்தான். ஐப்பசி, கார்த்திகையில் மழை, மார்கழியில் பனி, தையிலிருந்து வெயில் ஏற ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால் நமக்குக் குளிர்காலம் குட்டை. வடக்கே நாலைந்து மாதம் நிதானமாக நிற்கிற ரகத்தை இங்கே போட்டால், காய் பால்பிடிக்கும் நேரத்தில் மேலே வெயிலும் கீழே வறட்சியும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆந்திரத்துக் கரிசலிலும், பிரகாசம், கர்னூல் மாவட்டங்களில், ஒரு காலத்தில் இதே கதைதான். ஜேஜி 11 போன்ற, நூறு நாளுக்குள் வீட்டுக்கு வந்துவிடும் ரகங்கள் கிடைத்த பிறகுதான் அங்கே கொண்டைக்கடலை பெரும் பயிரானது. மண் அதே மண், ஆள் அதே ஆள், விதைதான் வேறு.

ரகம் என்றால் என்ன? திருநெல்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்ல அம்பை 16 போதும். ஆற்றுப் பாசனத்தில் அந்த நெல்லை அறியாதவர் இல்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஆடுதுறை 31-ஐயும் கோ 39-ஐயும் கலந்து உருவாக்கி, 1986-ல் வெளியிட்டார்கள். தாயிடமிருந்து கொஞ்சம், தகப்பனிடமிருந்து கொஞ்சம் வாங்கிக்கொண்டு பிறந்த பிள்ளைகளில், நமக்கு வேண்டிய குணமெல்லாம் ஒன்றுசேர்ந்த பிள்ளையைத் தேடிப் பிடித்து, அதன் வம்சத்தை மாறாமல் பெருக்கினால் அது ஒரு ரகம். கொண்டைக்கடலைக்கும் வழி இதுதான். ஆனால் கலப்பதற்குள் உயிர் போய்விடும்.

வேளாண்மை படித்த காலத்தில் அந்தப் பூவோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். கொண்டைக்கடலைப் பூ தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்கிற பூ. இதழ் விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் மகரந்தம் கொட்டி, காரியம் முடிந்துவிடும். ஆகவே நாம் அதற்கு முந்திக்கொள்ள வேண்டும். இதழ் முனை பச்சை உறைக்குள்ளிருந்து லேசாக எட்டிப்பார்க்கும் பருவத்து மொட்டு. அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை இடது கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நோகாமல் பிடித்து, ஊசிமுனை இடுக்கியால் இதழை விலக்கினால் உள்ளே பத்து மகரந்தத் தாள்கள் நடுவிலிருக்கும் சூலகத்தைச் சுற்றி நிற்கும். பத்தையும் ஒன்றுவிடாமல் கிள்ளி எடுக்க வேண்டும். ஒன்று தங்கினாலும் வேலை வீண். சூலகத்தில் இடுக்கி பட்டாலும் வேலை வீண். பிறகு தகப்பன் செடியில் விரிந்த பூ ஒன்றைப் பறித்து, அதன் மஞ்சள் பொடியைச் சூல்முடியில் தடவி, காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிட்டு அடுத்த மொட்டுக்குப் போக வேண்டும். செடி முழுக்கப் புளிப்பு நீர் பூத்திருக்கும். மாலிக் அமிலம் என்று அதற்குப் பெயர். காலையில் செடிக்குள் நடந்தால் காலில் கீறல் இருக்குமிடமெல்லாம் எரியும். இத்தனை செய்தும் கட்டிய நூல்களில் பெரும்பாலானவை மறுவாரம் கீழே உதிர்ந்து கிடக்கும். பிடித்த ஒரு காயில் ஒரு விதை, மிஞ்சினால் இரண்டு.

நான் வெள்ளைப் பூ காபூலியைத் தாயாகவும் சிவப்புப் பூ நாட்டுக்கடலையைத் தகப்பனாகவும் வைத்திருந்தேன். அதில் ஒரு வசதி உண்டு. கிடைத்த விதையை விதைத்து, பூ சிவப்பாக வந்தால் கலப்பு உண்மை. வெள்ளையாக வந்தால், ஏதோ ஒரு மகரந்தத் தாள் நம்மை ஏமாற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறது. எனக்கு முதல் சிவப்புப் பூ விரிந்த காலையில், பக்கத்தில் யாரும் இல்லாமல் நான் மட்டும் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சிவப்புப் பூச் செடியின் பிள்ளைகளில்தான் விளையாட்டு தொடங்கும். பேரப்பிள்ளைத் தலைமுறையில் சில செடி சிவப்பு, சில வெள்ளை. சில குட்டை, சில நெட்டை. சில முந்திக் காய்க்கும், சில பிந்தும். பட்டாணிச் செடியை வைத்து மெண்டல் 1866-ல் எழுதிவைத்த கணக்கு இது. பூவின் நிறம் கண்ணுக்குத் தெரியும். வேரின் ஆழம் தெரியுமா? வாடல் நோயைத் தாங்கும் குணம் தெரியுமா? அதற்குப் பழைய வழி, பட்டுத் தெரிந்துகொள்வதுதான். வாடல் பூசணம் மண்டிக்கிடக்கும் நிலத்தை வேண்டுமென்றே அப்படியே வைத்திருப்பார்கள். அதில் எல்லாவற்றையும் விதைத்து, செத்தது போக நின்றதைப் பொறுக்குவார்கள். வேருக்கு, சித்தப்பா செய்தது மாதிரி தோண்டிப் பார்க்க வேண்டும். தோண்டினால் செடி போய்விடும். ஆயிரம் செடிக்குத் தோண்ட யாரால் முடியும்? போதாததற்கு ஒரு வருடம் மழை தாராளமாகப் பெய்துவிட்டால் ஆழ வேர்விட்டதும் விடாததும் ஒன்றுபோலவே காய்க்கும், அந்த வருட உழைப்பு தண்ணீரில் கரைந்த மாதிரி. இப்படி ஒரு ரகம் வெளிவரப் பத்து வருடம், பன்னிரண்டு வருடம் ஆனது.

இந்த இடத்தில்தான் நவீன மரபியல் வந்து கைகொடுக்கிறது.

நம்முடையது பனைநாடு, ஆகவே ஏட்டுச்சுவடியை வைத்துச் சொல்கிறேன். கொண்டைக்கடலையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் எட்டு சுவடிக்கட்டுகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு படி, தாய் கொடுத்தது ஒன்று, தகப்பன் கொடுத்தது ஒன்று. இந்தக் கட்டுகள்தான் குரோமோசோம்கள். ஏட்டில் எழுதியிருப்பது டிஎன்ஏ. அதன் நெடுங்கணக்கில் மொத்தமே நான்கு எழுத்து. அந்த நான்கே எழுத்தில், ஒரு படியில் ஏறத்தாழ 74 கோடி எழுத்து ஓடுகிறது. நடுநடுவே பொருள்தரும் பாட்டுகள் இருக்கின்றன. அவைதான் ஜீன்கள், மரபணுக்கள். பூவுக்கு என்ன நிறம், எத்தனையாவது நாளில் பூக்க வேண்டும், வேர் எப்படி இறங்க வேண்டும் என்பதெல்லாம் அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

2013-ல் இந்தச் சுவடியை முதன்முதலாகப் பெருமளவு வாசித்து முடித்தார்கள். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டாஞ்செருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டு ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ராஜீவ் வர்ஷ்னே தலைமை தாங்க, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு காபூலி ரகத்தை வாசித்தார்கள். 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் கண்ணில் பட்டன. அதே வருடம் டெல்லியிலிருந்து இன்னொரு குழு நாட்டுக்கடலையின் வாசிப்பையும் வெளியிட்டது.

ஒரு சுவடியை வாசித்தால் மட்டும் போதாது. பழைய நூல்களைப் பதிப்பித்தவர்கள் ஊர் ஊராகப் போய் ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடியது எதற்காக? ஓர் ஏட்டில் ஓர் எழுத்து இருக்கும், இன்னொன்றில் அதே இடத்தில் வேறு எழுத்து இருக்கும். பாடபேதம் என்பார்கள். செடிகளிலும் இதே பாடபேதம்தான் குணபேதத்துக்குக் காரணம். ஒரு ரகத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து, வேறொன்றில் வேறு எழுத்து. 2021-ல் 3,366 கொண்டைக்கடலைகளின் சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அதில் 195 காட்டுச் சொந்தங்கள். துருக்கியின் தென்கிழக்கு மலைப்பக்கம் இன்றைக்கும் தானாக முளைத்துக் கிடக்கும் செடிகளும் அந்தக் காட்டுச் சொந்தங்களில் சேர்த்தி. கொண்டைக்கடலை ஏறத்தாழ பத்தாயிரம் வருடத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்திலிருந்துதான் மனிதர் கைக்கு வந்தது. கைக்கு வந்தபோது சில குணங்களைக் காட்டிலேயே விட்டுவிட்டு வந்தது. அவற்றைத் திரும்பத் தேடிப்போக இந்த ஒப்பீடு வழிகாட்டுகிறது.

இனி சித்தப்பாவின் கேள்விக்கு வருகிறேன். இலையைக் கிள்ளி வேரைச் சொல்வது எப்படி?

ஊரில் யாராவது ஒருவர் வீட்டைக் கேட்டால் கதவு எண்ணையா சொல்கிறோம்? “வேப்பமரம் நிக்குல்லா, அதுக்கு அடுத்த வீடு” என்போம். வேப்பமரம் வீடு இல்லை. ஆனால் மரத்தைக் கண்டால் வீட்டைக் கண்டமாதிரி. மரபியலில் மார்க்கர் என்பது அந்த வேப்பமரம். நமக்கு வேண்டிய மரபணுவுக்கு மிக அருகில் இருக்கும், எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பாடபேதம். தாய் ஏடும் தகப்பன் ஏடும் பிள்ளைக்குப் போகும்போது நடுவில் முறிந்து, ஒன்றின் துண்டு மற்றொன்றோடு ஒட்டிக்கொள்வது வழக்கம். ஆனாலும் நெருங்கிக் கிடக்கும் இரண்டு எழுத்துக்கு நடுவில் முறிவது அபூர்வம். அதனால் வேப்பமரம் எந்தப் பிள்ளைக்குப் போனதோ, பெரும்பாலும் வீடும் அதற்கே போயிருக்கும்.

எந்தச் செல்லை எடுத்தாலும் முழுச் சுவடியும் இருக்கும் என்பதால் வேரைத் தோண்ட வேண்டிய வேலையே இல்லை. இலையில் பொட்டு அளவு துண்டு போதும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, வேண்டிய இடத்தை மட்டும் பலகோடிப் படி எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கான பிசிஆர் முறை கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த ஆர்டிபிசிஆர் பரிசோதனையின் உடன்பிறப்பு. இரண்டு நாளில் விடை தெரிந்துவிடும். வேண்டாத நாற்றைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, வேண்டியதை மட்டும் வளர்க்கலாம்.

ஐசிசி 4958 என்று ஒரு கொண்டைக்கடலை. வேர் பெருத்து, வறட்சியைத் தாங்குவதில் பேர்பெற்றது. அதன் நான்காம் குரோமோசோமில் ஒரு சின்னப் பகுதியில் வறட்சி தாங்கும் பல குணங்கள் கொத்தாகக் கிடப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். அந்தக் கொத்தை, விவசாயிகள் ஏற்கெனவே விரும்பிப் போடுகிற ரகத்துக்குள் கொண்டுபோக வேண்டும். அந்த ரகத்தின் மற்ற நல்ல குணங்கள் கெடக் கூடாது. முதல் கலப்பில் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பாதிப் பாதி. அந்தப் பிள்ளையைத் திரும்ப விருப்ப ரகத்தோடே கலந்தால் விருப்ப ரகத்தின் பங்கு 75 சதவீதம். இன்னொரு முறை கலந்தால் 87.5. மூன்றாம் முறை கலந்தால் ஏறத்தாழ 94. இதற்குப் பிற்கலப்பு என்று பெயர். ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான நாற்றுகளின் இலையைச் சோதித்து, அந்தக் கொத்து தங்கியிருக்கும் நாற்றுகளை மட்டும் அடுத்த கலப்புக்கு எடுத்துப்போவார்கள். கடைசியில் கிடைப்பது பார்வைக்கும் ருசிக்கும் பழைய ரகம், வறட்சிக்கு மட்டும் புதிய தெம்பு. பூசா 372 என்ற ரகத்தில் இப்படி வேலை செய்து பிறந்த பூசா சிக்பீ 10216, 2019-ல் மத்திய இந்தியாவுக்கென்று வெளியானது. ஈரம் குறைந்த நிலத்தில் தாய் ரகத்தைவிட ஏறத்தாழ 12 சதவீதம் கூடுதலாக விளைந்ததாக அறிவித்தார்கள்.

கர்நாடகத்து அன்னிகேரி கதையும் இதே தடத்தில் போனதுதான். அன்னிகேரி 1 அங்கே வீட்டுப்பிள்ளை மாதிரி ஒரு ரகம். வாடல் நோய் வந்து அதைச் சாய்த்தது. நோய் கண்ட செடியின் தண்டை நெடுக்காகக் கீறிப் பார்த்தால் நடுவில் கருத்த கோடு ஓடும். பூசணம் நீர்க்குழாயை அடைத்துவிடும். மண்ணுக்குள் வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும் அந்தப் பூசணத்தை மருந்தால் அடியோடு ஒழிக்க முடியாது. டபிள்யூஆர் 315 என்ற கொண்டைக்கடலையிலிருந்த எதிர்ப்புக் குணத்தை மார்க்கர் துணையோடு அன்னிகேரிக்குள் கொண்டுவந்து, சூப்பர் அன்னிகேரி 1 என்று கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்குப் பழகிய ரகத்தைப் பிடுங்காமல், அதன் நோயை மட்டும் தீர்த்தது எனக்கு மிகவும் பிடித்த காரியம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு சித்தப்பா, “அப்ப இது ஊசி போட்டு மாத்துத கடலையா?” என்றார். நல்ல கேள்வி, பலருக்கும் இருக்கிற கேள்வி. இல்லை. மரபணு மாற்றுப் பயிர் என்று நாம் கேள்விப்படும் பிடி பருத்தியில், பாக்டீரியாவின் மரபணுவை எடுத்து ஆய்வகத்தில் வைத்துச் செடிக்குள் சேர்க்கிறார்கள். இங்கே அப்படி வெளியிலிருந்து எதுவும் நுழைவதில்லை. கொண்டைக்கடலையும் கொண்டைக்கடலையும், அதே மொட்டு, அதே இடுக்கி, அதே மகரந்தம். எந்தப் பிள்ளையை வைத்துக்கொள்வது என்று முடிவெடுக்க ஏட்டை வாசித்துப் பார்க்கிறோம். வாசிப்பதும் எழுதுவதும் ஒன்றல்ல.

இன்னொன்றும் சொன்னேன். இது வருடாவருடம் கடையில் வாங்கியாக வேண்டிய வீரிய ஒட்டு விதை இல்லை. தன் மகரந்தத்தையே தானே ஏற்கும் செடி என்பதால், கலப்பில்லாமல் எடுத்துக் காயவைத்து, வேப்பிலையோ சாம்பலோ போட்டுக் குதிரில் வைத்தால் அடுத்த பட்டத்துக்கும் அதே குணம் முளைக்கும். விதையை எடுத்துவைக்கவும், விதைக்கவும், பக்கத்து வீட்டாரோடு மாற்றிக்கொள்ளவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001-ல் வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்புப் பெற்ற ரகம் என்று பை மேல் பெயர் ஒட்டி விற்கக் கூடாது, அவ்வளவுதான். இதைத் தெரியாமலே வருடாவருடம் கடனுக்கு விதை வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

காலத்தைச் சுருக்கவும் ஒரு வழி வந்திருக்கிறது. கூடத்துக்குள் ஒரு நாளில் 22 மணி நேரம் விளக்கொளி கொடுத்து வளர்த்தால் செடி அவசரமாகப் பூத்துக் காய்த்துவிடும். வயலில் வருடத்துக்கு ஒரு தலைமுறை எடுக்கும் கொண்டைக்கடலையை இப்படி ஆறேழு தலைமுறை வரை ஓட்டுகிறார்கள். அதன் பிறகும் பல ஊர் வயல்களில் சில வருடம் விளைத்துப் பார்க்காமல் எந்த ரகமும் வெளியே வராது. வரவும் கூடாது.

ஏட்டு வாசிப்பால் எல்லாம் ஆகிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். காயைத் துளைக்கும் காய்ப்புழுவுக்கு, கொண்டைக்கடலைக் குடும்பத்துக்குள்ளேயே பலமான எதிர்ப்பு இதுவரை கைக்கு வரவில்லை. இனக்கவர்ச்சிப் பொறியும், குருவி உட்கார நட்டுவைக்கும் குச்சியும், நேரம் பார்த்து அடிக்கும் மருந்தும்தான் துணை. விளைச்சல் என்ற குணமே ஒரு மரபணுவில் அடங்குவதில்லை. நூற்றுக்கணக்கானவை ஆளுக்குக் கொஞ்சம் கைவைக்கின்றன. அதை ஒரு வேப்பமரத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஏடு முழுவதிலும் இருக்கும் ஆயிரக்கணக்கான பாடபேதங்களைக் கூட்டிக் கணக்குப்போட்டு மதிப்பிடும் முறை இப்போது வளர்ந்துவருகிறது. வானம் செய்வதற்கோ கணக்கே கிடையாது. 2023 டிசம்பர் 17, 18-ல் நம் மாவட்டங்களில் கொட்டியதை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தண்ணீர் தேங்கினால் கொண்டைக்கடலைக்கு மூச்சு முட்டிவிடும். எத்தனை ஆழமான வேரும் அன்றைக்கு உதவியிருக்காது.

என்னுடைய ஆசை ஒன்றுதான். மத்திய இந்தியாவுக்கென்று தேர்ந்தெடுத்த ரகம் நம் குட்டைப் பனிக்காலத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரிப் பயிர்களுக்காக ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரி இருக்கிறது. புதிய வேர்க்கொத்து ரகங்களை நம் கரிசலில் மூன்று பட்டமாவது போட்டு, மழை பெய்த வருடமும் பெய்யாத வருடமும் பார்த்து, அதன் பிறகு விவசாயி கையில் கொடுக்க வேண்டும்.

சித்தப்பா அதுவரை காத்திருக்கிற ஆள் இல்லை. நான் பேசி முடிப்பதற்குள், பச்சையாக நின்ற செடிகளில் ஏழெட்டில் தோள்துண்டின் நூலைப் பிரித்துக் கட்டிவிட்டார். “இதுகள தனியா முத்தவிட்டு விதைக்கு எடுக்கப் போறேன். வார ஐப்பசியில இதை ஒரு வரிசை, கடை விதைய ஒரு வரிசை போட்டுப் பாப்போம். நீ அந்த இலை பாக்குதவங்கட்டயும் கேட்டு, என்ன ரகம் குடுப்பாங்கன்னு விசாரி. அதுக்கும் ஒரு வரிசை விட்டுவைக்கேன்” என்றார். தோண்டிய இரண்டு செடியின் வேரையும் துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்தார். சித்தி பார்த்துவிட்டு, எதற்கு இந்தக் குப்பை என்றாள். அவர் பதில் சொல்லாமல் இரண்டையும் திண்ணைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்.